அன்னபூரணியின் முதல் தவறு

கிழக்கு நதித்துறைப் பராமரிப்புக் கழகம் எதைப் பராமரிக்கிறது என்று கேட்டால் கொல்கத்தாவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்கு அப்படி ஒரு கழகம் இருப்பதே தெரியாது. ஹூக்ளி ஆற்றில் சில படித்துறைகள், ஐந்து கிழட்டு ஃபெரிப் படகுகள், கார்டன் ரீச்சில் ஒரு சிவப்புக் கட்டடம், பின்னால் ஊழியர் குவார்ட்டர்ஸ். அவ்வளவுதான் கழகம். படகு வந்தது, போனது. ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அறுநூறு ஊழியர்களில் ஒருவரும் வளரவில்லை. அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பொய்லா பொய்ஷாக் என்கிற வங்காளப் புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம் பட்டாபிராமன் வந்து சேர்ந்தார். தலைமை வளர்ச்சி அதிகாரி என்று அதுவரை கழகத்தில் ஒரு பதவி கிடையாது. அவர் வந்த பிறகு அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது. ஆச்சரியப்படச் சொல்லி ஒரு சுற்றறிக்கையே வந்தது.

முதல் கூட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே, இதற்கு முன் மூன்று நிறுவனங்களில் பணியாற்றினேன். முதலாவதை மூடிவிட்டார்கள். இரண்டாவதை விற்றுவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி வழக்கு நடப்பதால் பேசக் கூடாது. ஆனால் ஒவ்வொன்றிலும் நான் எவ்வளவு கற்றுக்கொண்டேன்! இன்று இவ்வளவு சம்பளத்தில் உங்கள் முன் நிற்கிறேன் என்றால் அந்த நிறுவனங்கள் செய்த தியாகம்தான் காரணம். இனி உங்கள் முறை. உங்கள் கழகத்தின் முறை."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஸ்டோர்ஸ் அன்னபூரணியும் தட்டினாள். அவளுக்கு டீ இடைவேளை எப்போது வரும் என்ற ஒரே கவலைதான். வீட்டுக்கு ஓடி மாரியப்பனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அன்னபூரணி நாற்பத்தொன்பது வயதுக்காரி. அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே ரயில்வே வேலைக்கு வந்தவர். இவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வங்காளத்தில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் ஆவாள். ஸ்டோர்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறாள். நட்டு, போல்ட், நைலான் கயிறு, பெயிண்ட், பூட்டு, சாவி என்று எது உள்ளே வந்தாலும் எது வெளியே போனாலும் அவள் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆடிட்டர்கள் வந்தால் அவள் பதிவேட்டை மட்டும் பிரிக்க மாட்டார்கள். பிரித்து என்ன ஆகப்போகிறது?

கணவன் மாரியப்பன் வெல்டர். போன மழைக்காலத்தில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் போய் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். சமதளத்தில் நடக்கலாம், படிக்கட்டு மட்டும் ஆகாது என்றார் டாக்டர். அவர்கள் வீடு பி பிளாக்கில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நான்கு ஆட்கள் நாற்காலியில் உட்கார்த்தி மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மனுஷன் கீழே இறங்கவே இல்லை.

மாரியப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசல் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மண்குவளை டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேரிடம் வாயடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கால்பந்தில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்பதிலிருந்து இலிஷ் மீன் விலை வரை அவருக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. படுத்த புதிதில் மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்தே கத்தி விவாதம் செய்தார். கீழேயிருந்து பதில் கத்துவார்கள். தூங்கும் குழந்தைகள் எழுந்துவிடுகின்றன என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளிடம் புகார் செய்தார்கள். பங்குனி வாக்கில் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதுதான் அன்னபூரணியைப் பயமுறுத்தியது.

வைகாசி பிறந்த சமயத்தில் அதே பி பிளாக்கில் தரைத்தளத்தில் ஒன்றாம் எண் வீடு காலியானது. அவள் அன்றைக்கே மனு எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்து, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு குமாஸ்தா நிமாய் மண்டலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நிமாய் மனுவைப் படித்தான். சான்றிதழைப் படித்தான். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"அரே தீதி, மாரியப்பன் தாதாவுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது. ஆனா உங்க வளர்ச்சிப் புள்ளி எவ்வளவு? வீடு மாத்தணும்னா அறுபது வேணும். புது விதி."

"எனக்கா? பாத்துச் சொல்லு."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "பூஜ்யம்."

பட்டாபிராமனின் திட்டத்துக்கு 'உன்னதி', அதாவது முன்னேற்றம், என்று பெயர். நித்தம் ஒரு பாடம் என்பது அதன் தாரக மந்திரம். ஒவ்வொரு ஊழியரும் தினமும் மாலை ஐந்து மணிக்குள் ஆப்பில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இன்று நான் செய்த தவறு. அதில் நான் கற்ற பாடம். அதனால் நான் வளர்ந்த விதம். முதல் கட்டத்தை நிரப்பினால்தான் இரண்டாவது திறக்கும். அன்னபூரணி ஒரு மாதமாக முதல் கட்டத்தில் 'தவறு ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆப் ஒரு மாதமாக அவளைப் பார்த்து அழும் முகம் காட்டிக்கொண்டிருந்தது.

ஆப்பைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரிலிருந்து அக்‌ஷயா என்ற பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். டாக்குரியாவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நல்ல பெண்தான்.

"ஆன்ட்டி, நீங்க தப்பே பண்ணலைன்னா சிஸ்டம் உங்கள எப்படி வளர்க்கும்?"

"நான் வேலையச் சரியாச் செஞ்சா அதுக்குப் புள்ளி இல்லையாம்மா?"

"அதுக்குச் சம்பளம் இருக்குல்ல ஆன்ட்டி. இது வளர்ச்சிக்கு. பேசாம சின்னச் சின்னதா ஏதாச்சும் போடுங்க. டெய்லி ரெண்டு புள்ளி, ஒரு மாசத்துல அறுபது வந்துரும்."

அன்னபூரணி வீட்டுக்குப் போய் யோசித்தாள். மறுநாள் எழுதினாள்: சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். நிராகரிக்கப்பட்டது. காரணம்: உப்பு அலுவலக வரம்புக்குள் வராது. அடுத்த நாள்: பஸ்ஸைத் தவறவிட்டேன். நிராகரிக்கப்பட்டது. பஸ் சீக்கிரம் வந்ததால் தவறு பஸ்ஸினுடையது. மூன்றாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பதிவேட்டின் மீது டீயைக் கொட்டிவிட்டேன் என்று எழுதினாள். புகைப்படம் கேட்டார்கள். அவள் படம் எடுத்து அனுப்பினாள். பதிவேடு காய்ந்திருக்கிறது, மேலும் மிகவும் சுத்தமாக இருக்கிறது, பொய்த் தவறு சமர்ப்பித்ததற்காக ஐந்து புள்ளி கழிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. இப்போது அவள் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

நிஜமாகவே கொட்டியிருக்கலாம்தான். டம்ளரைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் பதிவேட்டின் முன்னால் நின்றாள். கை வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கொள்முதல் அதிகாரி சந்தீப் பாபு விசுவரூபம் எடுத்தார். படகுச் சிப்பந்திகளுக்கு முன்னூறு உயிர்காப்பு அங்கிகள் வாங்க அவர் ஆர்டர் போட்டிருந்தார். பெட்டிகளைப் பிரித்தபோது முன்னூறும் ஆறு வயதுக் குழந்தைகளின் அளவில் இருந்தன. முன்பு என்றால் மனுஷன் பத்து நாள் மருத்துவ விடுப்பில் ஓடி ஒளிந்திருப்பார். இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆப்பைத் திறந்தார். தவறு: அளவைப் பார்க்கவில்லை. பாடம்: பார்க்க வேண்டும். வளர்ந்த விதம்: நிறைய.

ஒரே நாளில் ஐம்பது புள்ளி. அரங்கத்தில் விழா எடுத்து, தோளில் ஷால் போட்டு, ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லாவும் கொடுத்தார்கள்.

பாராட்டுரையில் பட்டாபிராமனுக்குக் குரல் தழுதழுத்தது. "சிறிய ஊழியன் சிறிய தவறு செய்கிறான். தலைவன் மொத்தமாகச் செய்கிறான். நம் சந்தீப் அளவே பார்க்காமல் முன்னூறு வாங்கினார். நானாக இருந்தால் மூவாயிரம் வாங்கியிருப்பேன். அதனால்தான் நான் இந்தப் பதவியில் இருக்கிறேன்."

அங்கிகளைத் திருப்பி அனுப்பிவிடலாமே என்று அன்னபூரணி கேட்டாள். கூடாது என்று தெரிந்தது. ஒரு தவறிலிருந்து பெற்ற பாடம் மேலிடத்தில் இறுதியாக ஏற்கப்படும் வரை அந்தத் தவறை யாரும் திருத்தக் கூடாது. திருத்தினால் பாடத்துக்கு ஆதாரம் போய்விடும். பாடப் பாதுகாப்பு விதி என்று அதற்குப் பெயர். மேலிடத்தில் இறுதி ஒப்புதலுக்கு ஒன்பதாயிரம் பாடங்கள் வரிசையில் நின்றன. ஆகவே படகுச் சிப்பந்திகள் அந்தக் குட்டி அங்கிகளையே கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பயணிகள் அதைப் பார்த்து, கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சந்தீப் பாபுவின் ஷாலைப் பார்த்த பிறகு அலுவலகமே கச்சை கட்டிக்கொண்டு இறங்கியது. தபால் பிரிவு ஹௌராவுக்குப் போக வேண்டிய கடிதங்களை பட்ஜ் பட்ஜுக்கு அனுப்பி வளர்ந்தது. கேன்டீன்காரர் மீன் குழம்பில் மீனை மறந்து வளர்ந்தார். லிஃப்ட் இயக்குபவர் தினம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "உங்களால எனக்கு ரெண்டு புள்ளி" என்று நன்றி சொன்னார். டிக்கெட் பிரிவில் ஒருவர் அக்கரைக்குப் போகும் டிக்கெட்டில் இக்கரையை அச்சடித்தார். ஜனங்கள் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அன்னபூரணியால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பொருள் கேட்டு ஸ்டோர்ஸுக்கு வந்த இண்டெண்ட் சீட்டு ஒன்றில் கயிறு கேட்க வேண்டிய இடத்தில் கண்ணாடி கேட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் அடித்துத் திருத்திக் கயிறு கொடுத்துவிட்டாள். அன்று மாலையே மெமோ வந்தது. 'சக ஊழியரின் கற்றல் வாய்ப்பை அழித்தது, வளர்ச்சிக்கு விரோதமான துல்லியம், விளக்கம் தேவை.'

மெமோவை வீட்டுக்குக் கொண்டுபோய் மாரியப்பனிடம் காட்டினாள். முழுவதும் படித்துவிட்டு அவர் ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"ஏண்டி அன்னம், தப்பு செய்யத் தெரியலேன்னு ஒருத்தி மேல நடவடிக்கையா?"

"சிரிக்காதீங்க. கீழ் வீடு போயிரும்போல இருக்கு."

"போனாப் போகுது, விடு. இங்க என்ன கொறச்சல்? காத்து வருது." சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்னபூரணி சமையலறைக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு ஒரு மனிதனைத் தரையில் நடக்கவிட மாட்டார்களா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். பட்டாபிராமன், அக்‌ஷயா, அப்புறம் தலைசிறந்த கற்போர் என்ற முறையில் சந்தீப் பாபு. ஷாலோடு வந்திருந்தார். ஜூன் மாதப் புழுக்கத்தில் அது அவரைப் படுத்திக்கொண்டிருந்தது.

"உக்காருங்கோம்மா," என்றார் பட்டாபிராமன். "பயப்படாதீங்கோ. இது தண்டனை இல்லை. உங்களுக்கு ஒரு வாய்ப்பு. ஒரே ஒரு கேள்விதான். இந்த ஆபீஸ்ல நீங்க பண்ணின மிகப்பெரிய தப்பு என்ன?"

அவள் என்னென்னவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கொட்டிய டீ, தொலைத்த ரசீது, மறந்த கையெழுத்து. அந்த மூன்று முகங்களையும் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயின. வாயில் வந்தது வேறு.

"இருபத்திரண்டு வருஷமா இங்க ஒரு தப்பும் பண்ணாம வேலை செஞ்சேனே சார், அதுதான்."

வேலை போயிற்று என்று அன்னபூரணி நினைத்தாள். பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"கேட்டேளா? இதான், இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்! எவ்வளவு நேர்மையா தன்னைத்தானே உணர்ந்திருக்கா! இருபத்திரண்டு வருஷத் தப்பு! சந்தீப், நீங்க ஒரு நாள்ல பண்ணினதை இவா கால் நூற்றாண்டா பண்ணியிருக்கா."

சந்தீப் பாபுவின் முகம் சுண்டிப்போனது. அக்‌ஷயா மட்டும் அன்னபூரணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நூறு புள்ளி என்று அடித்தாள்.

நான்காம் நாள் ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது. அன்னபூரணி அதை நின்றபடியே பிரித்தாள். 'ஈ பிளாக், எண் பதினாறு, நான்காம் மாடி.'

உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு நிமாயிடம் ஓடினாள். அவன் எழுந்து நின்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"தீதி, என்னால நம்பவே முடியல! மொட்டை மாடியில செடி வளர்க்கணும்னு கோஷ் பாபு உச்சி மாடி கேட்டிருந்தார். உங்க ஃபைலையும் அவர் ஃபைலையும் மாத்தி வெச்சுட்டேன். உங்க கீழ் வீடு அவருக்கு, அவர் மேல் வீடு உங்களுக்கு. எனக்கு இருபது புள்ளி வந்திருக்கு! இந்த வருஷம் பூஜைக்கு முன்னாடி எனக்குப் பிரமோஷன்!"

"நிமாய், அவரால மூணு மாடியே இறங்க முடியல. நாலாவதா?"

அவன் முகம் வாடியது. கெட்டவன் இல்லை. "தெரியும் தீதி. திருத்தத்தான் நினைச்சேன். ஆனா பாடம் ஏத்துக்கற வரைக்கும் தொடக் கூடாதே. விசாரிச்சேன். வரிசையில பதினோராயிரத்துச் சொச்சமாவது பாடம் என்னுது. அடுத்த வருஷம் காளி பூஜைக்குள்ள வந்துடும்னாங்க."

அன்னபூரணி ஸ்டோர்ஸுக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே சுவரில் சாவிப் பலகை. காலியான குவார்ட்டர்ஸ்களின் பூட்டுகளை வழங்குவது ஸ்டோர்ஸ்தான், மறுசாவிகளும் அங்கேதான் தொங்கும். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைத் துடைத்து, எண் ஒட்டி, வரிசை மாறாமல் மாட்டுகிறவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் சரியான சாவியை எடுப்பாள்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பி பிளாக் ஒன்றாம் எண் சாவியை எடுத்தாள். பதிவேட்டைப் பிரித்து, தன் அழகான கையெழுத்தில், 'ஈ பிளாக் பதினாறாம் எண் சாவி, பெற்றுக்கொண்டவர் அன்னபூரணி' என்று எழுதினாள். பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான். மையை ஊதி உலர்த்திவிட்டு மூடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு படகுச் சிப்பந்திகள் குட்டி அங்கிகளோடு வந்து மாரியப்பனை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். கட்டில், அடுப்பு, பாத்திரம் பண்டமெல்லாம் மத்தியானத்துக்குள் ஒன்றாம் எண்ணில் இறங்கிவிட்டன. விஷயம் தெரிந்ததும் கோஷ் பாபு பதினெட்டுப் பூந்தொட்டிகளோடு தவறுதலாக நான்காம் மாடிக்குக் குடிபோனார். போகும் வழியில் அன்னபூரணிக்கு ஒரு செம்பருத்திக் கிளை கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை பட்டாபிராமன் நேரிலேயே வந்தார். கூடவே நிமாயும் ஒரு காவலரும். அன்னபூரணி வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? இது உங்க வீடு இல்லையே!"

"ஆமா சார். தப்புத்தான். சாவிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

பட்டாபிராமனின் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டால் மகிழ்ந்துதான் அவருக்குப் பழக்கம். முகம் தானாகவே மலர்ந்தது.

"பேஷ்! கடைசியில நீங்களும் வளர ஆரம்பிச்சுட்டேள். சரி, ஆப்ல போட்டேளா?"

"முதல் கட்டம் நிரப்பிட்டேன் சார்."

"இரண்டாவது?"

"அதத்தான் சார் யோசிச்சிட்டு இருக்கேன். இதுல இருந்து என்ன பாடம் கத்துக்கணும்னு எனக்கு இன்னும் பிடிபடல."

பட்டாபிராமன் நிமாயைப் பார்த்தார். நிமாய் தரையைப் பார்த்தான். "பாடம் ஏத்துக்கற வரைக்கும் திருத்தக் கூடாது சார்," என்று முணுமுணுத்தான். "அவங்க இன்னும் கத்துக்கவே இல்லையே."

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் யாரோ உரத்த குரலில், மோகன் பகானுக்கு முன்கள ஆட்டமே தெரியாது என்று மேஜையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் அன்னபூரணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குவளையைக் கீழே வைத்தாள்.

"சரிம்மா, எப்போ கத்துப்பேள்?" என்றார் பட்டாபிராமன்.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு வருஷம் இருக்கு சார். அதுக்குள்ள எப்படியாச்சும் கத்துக்கிறேன்."